ஊற்றின் அடிமண்

சென்னம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது தேனடிப்பட்டியில் எல்லாரும் அறிந்த செய்தி. ஈசுவர ஆண்டு மார்கழி மாதத்தில் அந்த நற்பெயரே அவளுக்குத் தலைச்சுமையாயிற்று. அவள் பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை. கேட்டால்தானே சொல்ல வேண்டும்? ஊற்று ஏன் வற்றியது என்று ஊரார் வானத்தைக் கேட்டார்கள், மலையைக் கேட்டார்கள், குலதெய்வத்தைக் கேட்டார்கள். சென்னம்மாளை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

தேனடிப்பட்டி, கொல்லிமலையின் பிரிவுகளான நாடுகளில் ஒன்றாகிய ஆலத்தூர் நாட்டில் இருபத்திரண்டு வீடுகள் கொண்ட சிற்றூர். அவள் அவ்வூரில் பிறந்தவள் அல்லள். பைல் நாட்டில் பிறந்து, பதினேழாம் வயதில் சென்றாயனுக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டு மேடும் ஒரு பள்ளமும் கடந்து வந்தவள். வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு பெண்மக்கள், சாமையும் கேழ்வரகும் விளையும் ஒரு மேட்டுக்காடு, பலா மரங்களைப் பற்றி ஏறிய மிளகுக்கொடிகள், இவ்வளவே அவளுடைய உலகம். அவள் கைபட்ட வேலை எதுவும் அரைகுறையாக நிற்காது. அவள் களத்தைப் பெருக்கினால் எறும்பும் வழுக்கி விழும் என்று கொழுந்தன்மார் கேலி பேசுவார்கள். குறை என்று சொல்லப்போனால் ஒன்றுதான்: தன் வீட்டைப் பற்றி ஒருவர் தாழ்வாகப் பேசிவிட்டால் அதை அவளால் செரித்துக்கொள்ள முடியாது.

பிறந்த ஊரில் வீட்டுக்குப் பின்னாலேயே ஓடை ஓடியது. தண்ணீரைப் பற்றி நினைக்க வேண்டிய தேவை அங்கே எவருக்கும் இருந்ததில்லை. தேனடிப்பட்டியிலோ ஊற்று ஒன்றுதான். ஊருக்கு மேற்கே, சரிவின் நடுவில், இடுப்பளவு ஆழத்தில், நான்கு பேர் கைகோத்து நின்றால் வளைக்கத்தக்க குழி அது. அதற்கு மேலுள்ள மேட்டில், புழு அரித்தாற்போலத் துளை விழுந்த செம்பாறை பரந்து கிடக்கும். பெய்கிற மழையையெல்லாம் அது பஞ்சைப் போலக் குடித்துவிட்டு, ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கீழே கசியவிடும். கசிந்த நீர் குழியில் வந்து தேங்கும். ஏனெனில் குழியின் அடியில் வழவழவென்று வெள்ளைக்களி படிந்திருந்தது. அக்களிக்குக் கீழே என்ன இருக்கிறதென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள முயல்வதையும் வழக்கம் தடுத்திருந்தது.

ஊற்றில் இரும்பு இறங்கலாகாது என்பது அவ்வூர்க் கட்டளை. சித்திரையில் முறை வைத்து வண்டல் எடுக்கும் வீட்டார், வெறுங்கையாலும் சுரைக்குடுக்கையாலும்தான் எடுக்க வேண்டும். இடுப்பில் சாவி தொங்கினாலும் அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். ஏன் என்று கேட்டால், “ஊத்துக்கு ஆகாது” என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். மீறி ஊற்றுக்குக் கேடு செய்தவர் வீட்டுப் பானை மூன்றாண்டுக் காலம் அதில் இறங்கக் கூடாது. தண்ணீர் வேண்டுமென்றால் பள்ளத்து ஓடைக்குப் போக வேண்டியதுதான். இறங்க அரைநாழிகை, குடத்தோடு ஏற ஒரு நாழிகை.

சென்னம்மாள் இக்கட்டளையை ஒருநாளும் மீறியதில்லை. குழிக்குள் இரும்பு இறங்கலாகாது, சரி. ஆனால் குழிக்குப் பத்தடி கீழே, ஈச்சம்புதர் மறைத்த ஒரு கரையில், அதே வெள்ளைக்களி வெளியே முகம் காட்டிக்கொண்டிருந்ததே. அதற்கு யார் கட்டளை இட்டார்கள்?

பொங்கலுக்குச் சுவர் பூச நல்ல வெள்ளை மண் எங்கே கிடைக்கும் என்பது அம்மலைப் பெண்களின் ஆண்டுக் கவலை. சென்னம்மாளின் ஓரகத்தி, அதாவது சென்றாயனுடைய அண்ணன் மனைவி, பாப்பாத்தி. அடுத்த வீடு அவளுடையது. முந்திய ஆண்டு பொங்கலன்று தன் வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே அவள் ஒரு சொல் சொன்னாள்.

“எங்கம்மா ஊட்டு மண்ணு. பாரு, முட்ட ஓடாட்டம் இருக்குது. நீயும் உங்கம்மா ஊட்டுல இருந்து ஒரு கூட கொண்டாறதுதான? அங்க என்ன, சாம்பலுங் கரியுந்தானா வெளையுது?”

அந்தச் சொல் ஓராண்டு முழுவதும் சென்னம்மாளின் தொண்டையில் மீன்முள்ளாகத் தைத்திருந்தது. மார்கழி பாதி கழிந்ததும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டாள். மூன்று காலைப்பொழுதுகளில், பனி விலகுவதற்குள், ஈச்சம்புதருக்குப் பின்னாலிருந்த கரையைக் குடைந்து எட்டுக் கூடை மண் எடுத்தாள். எதையும் அரைகுறையாகச் செய்யாத கை அல்லவா? முழங்கை மறையும் அளவுக்கு உள்ளே தோண்டிற்று. மூன்றாம் நாள் கொத்தின் நுனி எதிலோ ‘பொக்’கென்று இறங்கியது. பழைய வேர் மக்கிய பொந்தாக இருக்கும் என்று எண்ணி, அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சுவர்கள் பாலில் முக்கியெடுத்தாற்போல ஆயின. பாப்பாத்தி வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

“கண்ணு கூசுதுடி! உங்கம்மா ஊட்டுலயும் நல்ல மண்ணு இருக்குதாட்டம்,” என்றாள்.

சென்னம்மாள் சிரித்தாள். சிரிப்பதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

மண் எடுத்து முடித்த ஐந்தாம் நாள் ஊற்றில் நீர் முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. எட்டாம் நாள் களித்தரை தெரிந்தது. பொங்கலன்று பானையில் வைக்கப் பள்ளத்து ஓடையிலிருந்து நீர் வந்தது. மழை பொய்த்த ஆண்டாக இருந்தால் மனம் ஆறியிருக்கும். அவ்வாண்டு ஐப்பசி மழை நன்றாகவே பெய்திருந்தது. மேட்டுச் செம்பாறையின் அடியில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. கசிவு நிற்கவில்லை, வந்த நீர்தான் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

எங்கே போயிற்று என்பதைப் பொங்கலுக்கு மறுநாள் சென்னம்மாள் கண்டுகொண்டாள். கண்டாள் என்பதைவிடக் கேட்டாள் என்பதே சரி. ஈச்சம்புதருக்குப் பின்னால் போய், தான் குடைந்த பொந்தில் காதை வைத்தாள். உள்ளே, வெகு கீழே, இருட்டில் யாரோ வாய் கொப்பளிப்பது போன்ற ஓசை கேட்டது. மேலே ஊற்றுக்குழியின் அடியிலிருந்த களி இந்தக் கரை வரைக்கும் ஒரே தட்டாக நீண்டிருந்தது என்பதும், அதன் விளிம்பைத் தான் உடைத்துவிட்டாள் என்பதும், நீர் அவ்வழியே அடியிலிருந்த உளுத்த பாறைக்குள் இறங்கி ஓடுகிறது என்பதும் ஒரே நொடியில் அவளுக்கு விளங்கின. விளங்கியதும் அவள் செய்த முதல் வேலை, நாலைந்து கற்களை உருட்டிப் பொந்தை மறைத்ததுதான். இரண்டாவது வேலை, அங்கிருந்து ஓடியது.

அதன்பின் இருபத்தைந்து நாள் ஊர்ப்பெண்கள் பள்ளத்து ஓடைக்கு நடந்தார்கள். சென்னம்மாள் எல்லாரையும்விட ஒரு நடை கூடுதலாக நடந்தாள். கிழவிகள் வாழும் இரண்டு வீடுகளுக்கும் அவளே நீர் சுமந்தாள். “இவளாட்டம் உண்டா?” என்று கிழவிகள் வாழ்த்தினார்கள். ஒவ்வொரு வாழ்த்தும் அவளுக்கு அடியாக விழுந்தது. தை மாதக் கடைசியில் பாப்பாத்தி ஏற்றத்தில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிப் படுத்தாள். பிசகிய காலுக்கு எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டவளும் சென்னம்மாள்தான்.

“நீ எதுக்குடி அழுவுற? காலு எனக்குத்தான பெசகுச்சு?” என்று பாப்பாத்தி வியந்தாள்.

சொல்லிவிடலாம் என்று நாள்தோறும் வாய் வரைக்கும் வரும். மூன்றாண்டு என்ற எண்ணம் வந்ததும் சொல் உள்ளே போய்விடும். தன்னால் நடக்க முடியும். பன்னிரண்டு வயதும் பத்து வயதுமான பெண்பிள்ளைகள் மூன்றாண்டு அந்த ஏற்றத்தில் குடம் சுமப்பார்களே என்பதுதான் அவளுக்குப் பெரிதாகத் தோன்றியது.

ஊர்க்கவுண்டர் அப்பாசாமி இதற்கிடையில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அறுபது வயதுக்காரர், கணவன் வழியில் சென்னம்மாளுக்கு மாமன் முறை.

“ஊத்தே போனதுக்கப்புறம் இரும்பென்ன, ஈயமென்ன? கீழ்நாட்டுல இருந்து கெணறு வெட்டுற ஆளக் கூட்டியாந்து வெடி வெச்சுப் பாத்துரலாம்,” என்றார்.

அப்படித்தான் சுப்பண்ணன் மலையேறி வந்தார். அடிவாரத்தில் சொந்தமாகக் காடு வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். மலையிலிருந்து இறங்கி ஓடும் ஐயாற்றுப் பக்கத்தில் கிணறு தோண்டுவதில் பேர்பெற்ற கை. ஒரு தோளில் உளிகளும், மறுதோளில் தோல்பையில் வெடிமருந்தும் தொங்க, கூட இரண்டு ஆள்களோடு வந்து நின்றவரை ஊரே சூழ்ந்துகொண்டது. ஊற்றுக்குழியில் இறங்கிக் காலால் தட்டிப் பார்த்தார். மேற்கு மூலையில் களியைப் பிளந்துகொண்டு கரும்பாறை எட்டிப்பார்த்தது. அவர் முகம் மலர்ந்தது.

“கவலைய உடுங்க. எங்கூருல மேல மூணு மொழம் மண்ணு, அப்புறம் சுக்காங்கல்லு, அப்புறம் உளுத்த கல்லு, அதுக்கடியில கரும்பாற. நாப்பதடி, அம்பதடி போயி, பாறைய ஒடச்சாத்தான் தண்ணி. வெடிப்புக்குள்ள புதுப்பொண்ணாட்டம் ஒளிஞ்சிருக்கும். இங்க என்னடான்னா பாறையே மேல வந்து ஒக்காந்திருக்குது. ரெண்டு வெடி போதுங்க.”

“ஊத்துல இருந்த தண்ணி எங்கீங்க போயிருக்கும்?” என்று யாரோ கேட்டார்.

“எங்க போவும்? மலத்தண்ணி எறங்குனா எங்கூருக்குத்தான் வரும். உங்க மல உடுற தண்ணியிலதான எங்க கெணத்துக்குப் பொழப்பு!”

கட்டுப் போட்ட காலை நீட்டிக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்த பாப்பாத்தி விடவில்லை. “அப்படீங்களா? அப்ப உங்க கெணத்துல இருந்து நாலு கொடம் மோந்து கொண்டாந்திருக்கலாமுங்களே. எங்க தண்ணிய எடுத்துக்கிட்டு வெறுங்கைய வீசிட்டு வந்திருக்கீங்களே!”

ஊர் சிரித்தது. சுப்பண்ணனும் சிரித்தார். சிரிக்காதவள் ஒருத்திதான். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஏனுங்ணா, வெடி வெச்சா அடியில இருக்கிற களி என்னாவுங்க?”

“களிக்கு என்ன அம்மணி, தூள்தூளாப் போவும். போனாத்தான நல்லது? தண்ணிக்கு அதுதான அடப்பு!”

அன்று மாலைக்குள் பாறையில் இரண்டு துளைகள் இறங்கிவிட்டன. உளியின் மேல் சம்மட்டி விழும் ஓசை சென்னம்மாளின் வீடு வரைக்கும் கேட்டது. அவள் கேழ்வரகு திரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அடிக்கும் திரிகை நின்று நின்று சுற்றியது. ஊரார் அடைப்பு என்று எண்ணுவது அடைப்பன்று, அது தட்டு. தட்டில் ஓர் ஓட்டைதான் இப்போது விழுந்திருக்கிறது. நாளைக்குத் தட்டே சுக்குநூறாகிவிட்டால், பிறகு எதைக் கொண்டு அடைப்பது? தனக்கு மூன்றாண்டு, பிள்ளைகளுக்கு மூன்றாண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாளே. இனி இந்த ஊருக்கே ஆயுள் முழுவதும் பள்ளத்து ஓடைதான். அவ்வளவும் இவ்வூரில் ஒருத்திக்கு மட்டுமே தெரியும். அவளோ மாவு திரித்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் சென்றாயன் மிளகு பறிக்கப் போனான். ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, பலாமரத்தின் நடுக்கிளையில் நின்று, இடுப்பில் கட்டிய பையில் சரம் சரமாகப் போட்டுக்கொண்டிருந்தான். கீழே வந்து நின்ற மனைவியைப் பார்த்தான்.

“ஏனுங்க, எறங்கி வாங்க.”

“பாதிக் கொடி இருக்குது. அங்கிருந்தே சொல்லு.”

“எறங்கி வந்தாத்தான் சொல்லுவேன்.”

“எறங்குனா மறுபடி ஏறோணும். சும்மா சொல்லு புள்ள.”

அவள் சொன்னாள். அண்ணாந்து பார்த்தபடி, களைக்கொத்தில் தொடங்கி, எட்டுக் கூடையையும் பொந்தையும் கொப்பளிக்கும் ஓசையையும் கற்கள் உருட்டியதையும் ஒன்று விடாமல் சொன்னாள். மரத்திலிருந்து இடுப்புப்பை அவிழ்ந்து கீழே விழுந்தது. பச்சை மிளகு தரையெல்லாம் சிதறிற்று. அதன்பின் சென்றாயன் இறங்கினான்.

“இருபத்தஞ்சு நாளா இத வயித்துல வெச்சுக்கிட்டா சோறு தின்ன?”

“எங்கீங்க தின்னேன்?”

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். இந்தப் பெண் இளைத்துப் போனதை ஓடைக்கு நடக்கும் நடையால் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அவன்.

“மூணு வருசம் பானைய எறக்கக்கூடாதும்பாங்க,” என்றாள் அவள்.

“எறக்க ஊத்து இருந்தாத்தான தடுப்பாங்க? மருந்து கெட்டிக்கப் போயிருப்பாங்க. நீ ஓடு. ஏணிய எடுத்து வெச்சிட்டு நானும் வாரேன்.”

அவள் ஓடினாள். ஊற்றை அடைந்தபோது சுப்பண்ணன் ஒரு துளையில் மருந்தைக் கெட்டித்து முடித்து, திரியை நீவிக்கொண்டிருந்தார். ஊர் முழுவதும் எட்டத்தில் மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. சென்னம்மாள் ஒருவரையும் கேட்கவில்லை. குழிக்குள் குதித்து, துளையின்மேல் முந்தானையை விரித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“அடி ஆத்தா! எந்திரி அம்மணி, மருந்து கெடக்குது!” என்று சுப்பண்ணன் பதறிப் பின்னால் நகர்ந்தார்.

“எந்திரிக்கமாட்டேனுங்க. மொதல்ல நாஞ்சொல்றதக் கேளுங்க.”

அப்பாசாமி மரத்தடியிலிருந்து விரைந்து வந்தார். “என்ன கூத்து இது, கண்ணு? பைத்தியமா புடிச்சிருக்குது?”

“மாமா, ஊத்து தானா வத்துல. நாந்தான் ஒடச்சுப்போட்டேன்.”

அவள் இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஒரு சொல்லும் குறையவில்லை. சுப்பண்ணன்தான் முதலில் அசைந்தார். திரியைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு, நேரே ஈச்சம்புதருக்குப் போனார். கற்களை விலக்கினார். காதை வைத்தார். பிறகு நீண்ட குச்சியொன்றை ஒடித்துப் பொந்துக்குள் விட்டு இழுத்தார். குச்சியில் ஒரு முழம் வெள்ளைக்களி. அதற்குமேல் சொட்டச் சொட்ட ஈரம். நுனியில் உளுத்த பாறையின் மஞ்சள் பொடி. அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் நேற்றைய மலர்ச்சி இல்லை.

“கவுண்டரே, இந்தப் புள்ள சொல்றது மெய்யுங்க. இது எங்கூரு நெலமாட்டம் இல்ல. எங்களுக்குத் தண்ணி பாறைக்கடியில. உங்களுக்குக் களிக்கு மேல. பான அடியில ஓட்ட உழுந்திருக்குது. நான் பானையவே ஒடைக்கப் பாத்தேன்.”

“அப்ப வெடி?”

“வெடிச்சிருந்தா உங்களுக்கும் தண்ணி இல்ல, எனக்கும் மூஞ்சி இல்ல. ஓட்டைய அடைக்கோணும். அதே வெள்ளக்களிதான் வேணும், நெறைய வேணும். ஆனா கரையில இருந்து இன்னொரு புடி எடுக்கக்கூடாது. எடுத்த மண்ணு மிச்சம் இருக்குதா, அம்மணி?”

“ரெண்டு கூட இருக்குதுங்க. அடுத்த வருசத்துக்குன்னு வெச்சிருந்தேன்.”

“பத்தாது. பத்துக் கூடையாச்சும் வேணும்.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். கடைசியில் பாப்பாத்தி நொண்டிக்கொண்டே எழுந்தாள்.

“எங்கூட்டு அட்டாலிப் பரணுல ஒரு கூட இருக்குதுங்க,” என்றாள்.

“அது உங்கம்மா ஊட்டு மண்ணாச்சே, அக்கா!” என்றாள் சென்னம்மாள், ஒன்றும் விளங்காதவளாய்.

“எங்கம்மா ஊட்டுல செம்மண்ணுதான்டி! நானும் அந்த ஈச்சம்பொதருக்குப் பொறத்தால எடுத்ததுதான். வருசம் ஒரு கூட. ஊத்துக்குள்ளதான இரும்பு போவக்கூடாது, கரைக்கு என்னன்னு நெனச்சேன்.”

அவள் உட்காருவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், “எங்கூட்டுல அரக்கூட” என்றது. இன்னொரு குரல், “எங்கூட்டுல ஒண்ணு, போன வருசத்தது” என்றது. ஐந்து வீடுகள் ஆயின. ஆறாவதாக வந்தவள் அப்பாசாமியின் மனைவி பொன்னம்மாள். கணவர் முகத்தைப் பார்க்காமல், “நம்மூட்டுல மூணு கூட இருக்குதுங்க. மாட்டுக்கொட்டாய்ல மூடி வெச்சிருக்கேன்,” என்றாள்.

அப்பாசாமி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அவருடைய வீட்டுச் சுவரும் பதினைந்து ஆண்டுகளாக வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது.

“மூணு வருசம் பான எறங்கக்கூடாதுன்னு சட்டத்தச் சொன்னா,” என்றார் மெல்ல, “இந்த ஊத்துல தண்ணி மோக்கறதுக்குக் கொரங்குதான் வரோணும். எந்திரி கண்ணு, மருந்து மேல ஒக்காந்திருக்காத. எல்லாரும் போயி மண்ணக் கொண்டாங்க.”

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு சரிவே சிரித்தது. சென்னம்மாளால் எழ முடியவில்லை. ஏணியை வைத்துவிட்டு அப்போதுதான் ஓடிவந்த சென்றாயன் அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். அந்த இருபத்தைந்து நாளும் ஒருவர் தன்னை இப்படித் தூக்கிவிட வேண்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள் போலும். தோளில் சாய்ந்து, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

பதினோரு கூடை மண் வந்தது. சுப்பண்ணன் மருந்தை எச்சரிக்கையாக நனைத்து வழித்தெடுத்து, தாம் இட்ட துளைகளைக் களியால் தம் கையாலேயே அடைத்தார். பிறகு எல்லாரும் பொந்துக்கு வந்தார்கள். இரும்பு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். உளுத்த பாறையின் தூளைக் கையால் வழித்து வெளியேற்றினார்கள். களியை நனைத்து, கூளமும் கல்லும் நீக்கி, கேழ்வரகு மாவு பிசைவதுபோலப் பிசைந்தார்கள். ஒரு சாண் களி இடுவது, காலால் மிதிப்பது. மறுபடி ஒரு சாண், மறுபடி மிதிப்பது. ஆண்களும் பெண்களும் தோளைப் பற்றிக்கொண்டு வரிசையாக மிதித்தார்கள். சென்னம்மாள் ஒரு முறையும் வரிசையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் உச்சிப்பொழுதுக்குக் கரை பழைய மட்டத்துக்கு வந்தது. சுப்பண்ணன் ஈரச்சாக்கைப் போர்த்தி, அதன்மேல் தட்டைக் கற்களை அடுக்கினார்.

“இனி என்னுங்க?” என்றார் அப்பாசாமி.

“இனி ஒண்ணுமில்லீங்க. மல குடுக்கோணும். நாம வாங்கோணும்.”

வேலை முடிந்தும் சுப்பண்ணன் மலையிறங்கவில்லை. கூட வந்த ஆள்களை அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் தங்கிக்கொண்டார். காரணம் கேட்டவர்களிடம், மிளகு நல்ல விலைக்குக் கிடைக்குமா என்று பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து முறை அவர் போய்ப் பார்த்தது மிளகை அன்று.

முதல்நாள் குழியில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் களித்தரை மினுமினுத்தது. ஈரமா, வெயில் பட்ட பளபளப்பா என்று பெரிய வழக்கு நடந்தது. மூன்றாம் நாள் காலையில் பாப்பாத்தியின் குரல் ஊரையே கூட்டிற்று. “சென்னு! அடி சென்னு! ஓடியா!” சென்னம்மாள் ஓடினாள். பிசகிய காலோடு பாப்பாத்தி குழிக்குள் நின்றுகொண்டிருந்தாள். அவள் கட்டுத்துணி நனைந்திருந்தது.

“கட்டு நனஞ்சு போச்சுடி!” என்று அவள் கத்தினாள். “பாரு, கட்டு நனஞ்சு போச்சு!”

நீர் கணுக்காலளவு இருந்தது. குழியின் ஓரத்தில் பழைய நீர்மட்டத்தைக் காட்டும் பாசிக்கோடு ஒன்று இருந்தது. அதை எட்டும்வரை ஒருவரும் குடம் இறக்கக் கூடாது என்று அப்பாசாமி தடுத்துவிட்டார். ஒன்பதாம் நாள் அக்கோட்டை நீர் தொட்டது. பத்தாம் நாள் அதைத் தாண்டி, மேல்விளிம்புக் கல்லின்மேல் வழிந்து, ஒரு மெல்லிய நூலாகச் சரிவில் இறங்கிற்று. சுப்பண்ணன் அதில் கையேந்திக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, தோல்பையைத் தோளில் மாட்டினார்.

“அம்மணி, இந்த மருந்த எங்கூருல ஒரு கெணத்துக்கு வெச்சிருவேன். மொதல்ல அடியில என்ன இருக்குதுன்னு பாத்துட்டுத்தான் வெப்பேன்,” என்றார்.

“பாத்துப் போயிட்டு வாங்கண்ணா.”

பெண்கள் வரிசையில் நின்றார்கள். சென்னம்மாள் கடைசியில் போய் நின்றாள். முன்னால் வா என்று யாரும் அழைக்கவில்லை. பின்னால் நில் என்றும் யாரும் சொல்லவில்லை. அவள் முறை வந்ததும் குடத்தை அமிழ்த்தினாள். குடம் நிரம்பியது. தலையில் ஏற்றினாள். வீட்டுக்கு நூறு தப்படிதான்.

அதன்பின் சென்னம்மாள் அவ்வூரில் நெடுங்காலம் வாழ்ந்தாள். இரண்டு பெண்களையும் பக்கத்து நாடுகளிலேயே கட்டிக்கொடுத்தாள். சுவருக்குச் செம்மண்ணையே பூசினாள். அதையும் எறும்பு வழுக்கும்படிதான் பூசினாள். அவள் வாழ்வில் சொல்லத்தக்க செய்தி வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

குடம் நிரம்பி வந்த அந்நாளில் அவள் நீரை அண்டாவில் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்து, சாமைச் சோற்றுக்கு உலை ஏற்றினாள். சோறு வேகும்வரை சுவரில் சாய்ந்து உட்காரலாம் என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே சரிந்து, வெறுந்தரையில், பட்டப்பகலில், வாய் திறந்து உறங்கிப்போனாள். நாற்பது நாளுக்குப் பிறகு வந்த உறக்கம். சென்றாயன் வந்து எட்டிப் பார்த்தான். சோறு குழைந்து அடிபிடிக்கத் தொடங்கியிருந்தது. சட்டியை இறக்கி வைத்தான். பிள்ளைகளுக்குச் சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டி, குழைந்த சோற்றை அவர்களுக்குப் போட்டுத் தானும் தின்றான். அவளை எழுப்பவில்லை.